தொரை மாறினா போதுமா?

2025 மே 22, ராத்திரி பன்னெண்டரை. லயத்துல எல்லாரும் தூக்கம். சத்தத்தைக் குறைச்சு ஃபோனில் யூரோப்பா லீக் ஃபைனல் பார்க்கிறேன். டொட்டன்ஹாமிடம் 0-1 என்று தோற்றது என் மன்செஸ்டர் யுனைட்டட். நாலு நாளில் ப்ரீமியர் லீக்கும் முடிந்தது: 18 தோல்வி, 15ஆம் இடம். முந்தின நவம்பரில் ரூபன் அமோரிம் வந்தப்போ, "இனிப் பாருங்கடா"ன்னு கெம்பஸ் பூரா சொல்லித் திரிஞ்சவன் நான்.

விடியக்காலை பெரட்டுக்குக் கிளம்பின அம்மா, என் மூஞ்சியைப் பார்த்து என்னன்னு கேட்டாங்க.

"புது மேனேஜர் வந்தும் தோத்துட்டோம்மா."

"இங்கயும் எத்தனை தொரை மாறிட்டாங்க தம்பி. மலை அதே மலைதானே? கிழட்டுச் செடியில கொழுந்து எங்கேருந்து வரும்?"

சரிதான். அமோரிமின் 3-4-3 ஆட்டத்தை ஆடவேண்டியிருந்ததும் வேறொருத்தரின் ஆட்டத்துக்கு வாங்கிய வீரர்கள்தான். "அவருக்கு டைம் குடுங்கடா"ன்னு விடிய விடிய வாதாடியிருக்கேன்.

எங்க தோட்டத்துக்குப் புதுத் தொரை வந்து கிலோவைக் கூட்டினப்போ, அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. அன்னைக்கு நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கல.