வாசல் சொன்ன சேதி

மார்கழி பிறந்துவிட்டால் திருவையாற்றுப் பக்கத்து ஊர்களில் பொழுது விடியுமுன்பே கோயில் குழாய் ஸ்பீக்கரில் திருப்பாவை கேட்கும். அதற்கும் முன்னால் எங்கள் அப்பாயி எழுந்துவிடும். கோலம் முடியும்வரை யாரோடும் பேசாது. முதலில் வாசல், பிறகுதான் அடுப்பு, மாடு, மனுஷர் எல்லாம்.

சாணம் தெளிப்பதில்தான் கைப்பக்குவம். தண்ணீர் கூடினால் கோல இழை ஊறிப் பரந்துவிடும். மண் காய்ந்துவிட்டால் மாவு ஒட்டாது. ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தரை கறுத்து நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு புள்ளியை எண்ணிச் சொல்வது என் வேலை. இடுக்குப் புள்ளி, 15-இல் தொடங்கி 8-இல் நிற்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு ஒரே சீராக இறங்கும். நடுவில் சாண உருண்டை, அதில் பூசணிப்பூ. பூ வாடியதும் உருண்டையை வரட்டியாகத் தட்டிக் காயவைப்போம். பொங்கலன்று அடுப்புக்கு அதுதான்.

மாவு கடையில் வாங்கியதில்லை, வீட்டு நெல்லின் குருணைதான். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்த வருஷமென்றால் குறுவை கண்டிருக்கும், கோலம் தெருவை அடைக்கும். தண்ணீர் பிந்திய வருஷம் குறுவை இல்லை. வாசலுக்கு வாசல் கோலம் சிறுத்துப்போகும்.

ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது தெருவைப் படித்துக்கொண்டே நடப்போம். காவி கட்டியிருந்தால் அந்த வீட்டில் விசேஷம். இழை கோணலாக இருந்தால் பெரியவளுக்கு முடியவில்லை, சின்னப்பெண் போட்டிருக்கிறாள். "என்ன அண்ணி, உடம்புக்கு என்ன?" என்று யாராவது உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கோலமே இல்லையென்றால் துக்கம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கடப்போம்.

வீட்டு நல்லது கெட்டதைத் தெருவுக்குச் சொல்லிவிட்டுப் பொழுதைத் தொடங்கிய அந்த ஊருக்காக மனசு ஏங்குகிறது. சென்னையில் எங்களுக்கு மூன்றாவது மாடி. வாசலில் டைல்ஸ், அதன்மேல் ஸ்டிக்கர் கோலம். எறும்புகூட அதைத் தேடி வருவதில்லை. போன மார்கழியில் எதிர் ஃப்ளாட் பாட்டி ஆஸ்பத்திரியில் தவறிப்போனார். அங்கிருந்தே மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் வாசலில் அன்றும் அதே தாமரை ஸ்டிக்கர். காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் லிஃப்ட் அருகே வீட்டு நம்பர் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.