கொழும்பு வழியே வந்த பாட்டு

நுழையும்முன்

பழைய இந்தித் திரைப்பாடல்களை வடநாட்டிலிருந்து வந்த விருந்தாளிகளாகவே தமிழர் கருதி வந்துள்ளனர். அவற்றுள் சிலவற்றின் பிறப்பில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. அப்பாடல்களுக்குப் பின்னால் நின்ற மனிதர்கள் சிலரையும், அவர்களுள் பலருடைய பெயர்கள் கேட்போரின் காதுக்கு எட்டாமற்போனதையும் பேசுகிறது இக்கட்டுரை.

சாவடியில் நிற்காத சரக்கு

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், அரியாங்குப்பத்தை அடுத்து அமைந்திருக்கிறது தவளக்குப்பம். இன்று இவ்வழியே செல்லும் பேருந்துப் பயணி, புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 1954ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி வரை நிலைமை வேறு. தவளக்குப்பம் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. சில மைல் தொலைவிலுள்ள கடலூர் இந்தியாவில் இருந்தது. பேச்சு ஒன்று, உறவு ஒன்று, உண்ணும் சோறு ஒன்று. ஆனால் இடையே எல்லைச் சாவடி. தலைச்சுமையாகச் செல்லும் மூட்டையும் அங்கே அவிழ்த்துக் காட்டப்பட வேண்டும்.

வானொலி அலைக்கு மட்டும் சாவடி இல்லை. அந்த அலைகளுள் வலிமை மிக்கது கொழும்பிலிருந்து புறப்பட்ட இலங்கை வானொலியின் சிற்றலை. அதன் தமிழ் ஒலிபரப்பைக் கேட்ட வீடுகளில் இந்திப் பாடல்களும் கேட்டன. இந்திப் பாட்டு கொழும்பிலிருந்து வருவானேன் என்ற வினா இயல்பாக எழும். 1952இல் இந்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், செவ்வியல் இசையே மக்களின் செவியைப் பண்படுத்தும் என்று நம்பியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரிதும் குறைந்தன. நோக்கம் உயர்ந்ததுதான். ஆயினும் மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். முள் கொழும்பில் போய் நின்றது.

அந்த 1952ஆம் ஆண்டின் டிசம்பரில் ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. தொகுத்து வழங்கியவர் இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த அமீன் சயானி. பாடல்களை மக்கள் விருப்பத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்தி, மேடைச் சொற்பொழிவின் மிடுக்கு இன்றி, அண்டை வீட்டாரோடு பேசுவதுபோல் அவர் பேசினார். நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது, ஒலிநாடா வானூர்தியில் கொழும்புக்குச் சென்றது, அங்கிருந்து ஒலிபரப்பானது. பம்பாயில் இசைக்கப்பட்ட பாட்டு பம்பாய்க்காரரின் காதுக்கே கடல் கடந்து சுற்றி வந்து சேர்ந்தது என்றால் இன்று வேடிக்கையாக இருக்கும். 1957 அக்டோபரில் அரசே ‘விவித பாரதி’யைத் தொடங்கித் திரைப்பாடல்களுக்குக் கதவைத் திறந்தது.

பாடல்கள் இவ்வாறு எல்லா எல்லைகளையும் கடந்து வந்தன. வந்தவை யாவும் வடக்கிலேயே பிறந்தவை என்று கேட்டவர்கள் எண்ணியிருக்கலாம். அவ்வெண்ணம் முழு உண்மை ஆகாது என்பதற்குக் கோயம்புத்தூர் சான்று.

மலைக்கள்ளனின் வடதிசைப் பயணம்

வேதாரண்ய உப்புச் சத்தியாகிரகத்தின் வழிநடைப் பாடலைத் தந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையை மாணவர் அறிவர். அவர் ‘மலைக்கள்ளன்’ என்னும் நாவலையும் எழுதியவர். கோவையில் பட்சிராஜா படப்பிடிப்பு நிலையத்தை நடத்திய எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு, அந்நாவலைத் திரைப்படமாக்கி 1954 ஜூலையில் வெளியிட்டார். எம்.ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்தனர்; உரையாடலை எழுதியவர் மு. கருணாநிதி. தமிழில் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

வெற்றி பெற்ற கதையை நாயுடு தமிழோடு விட்டுவிடவில்லை. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என ஐந்து மொழிகளுக்கு அதைக் கொண்டு சென்றார். இந்தியில் 1955இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘ஆசாத்’. பம்பாயின் முன்னணி நட்சத்திரங்களான திலீப்குமாரும் மீனாகுமாரியும் அதற்காகக் கோவைக்கு வந்தனர். துயரம் தோய்ந்த வேடங்களிலேயே தொடர்ந்து நடித்து, அத்துயரம் தம் மனத்தையும் பற்றிக்கொண்டதாக உணர்ந்த காலம் அது திலீப்குமாருக்கு. மாறுவேடமும் குறும்பும் வாள்வீச்சும் நிறைந்த இத்தமிழ்க் கதை அவருக்கு விடுதலை தந்தது. ‘ஆசாத்’ என்ற சொல்லுக்கும் அதுவே பொருள். அவ்வேடத்துக்காக அவர் பிலிம்பேர் விருதையும் பெற்றார்.

இங்கே ஒரு செய்தியைக் கருதிப் பார்க்கலாம். 1953 ஜூலையில் கல்லக்குடியின் ஊர்ப்பெயரை மீட்கும் போராட்டத்தில் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்துச் சிறை சென்றவர் கருணாநிதி. அவர் எழுதிய உரையாடலோடு தமிழகத்தில் ஓடிய கதை, இரண்டே ஆண்டுகளில் இந்தி பேசியது. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழக மாணவர்கள் தெருவுக்கு வந்தபோதும், இந்திப் பாடல்களுக்கு இங்கே காதலர்கள் இருக்கத்தான் செய்தார்கள். இதில் முரண் ஏதும் இல்லை. கட்டளையாக வரும் மொழியை மறுப்பதும், விரும்பிக் கேட்கும் பாட்டைக் கொண்டாடுவதும் தன்மதிப்புள்ள ஒரே மனத்தின் செயல்களாக இருக்க முடியும்.

ஆர்மோனியக்காரர்

‘ஆசாத்’ படத்துக்கு இசையமைத்தவர் சி. ராமச்சந்திரா. முழுப்பெயர் ராமச்சந்திர சித்தல்கர். 1918இல் மராட்டிய மாநிலத்தின் புண்தாம்பா என்னும் ஊரில் பிறந்தவர். நடிகராக விரும்பிப் படவுலகுக்கு வந்து, மினர்வா நிறுவனத்தில் ஆர்மோனியம் வாசிக்கலானார். இசையமைப்பாளராக அவர் முதலில் அடியெடுத்து வைத்தது இந்திப் படங்களில் என்றே எவரும் நினைப்பர். உண்மையில் ‘ஜெயக்கொடி’, ‘வனமோகினி’ ஆகிய தமிழ்ப் படங்களே அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தன. மொழி அறியாத இளைஞர் ஒருவர் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில்களைக் காதால் அளந்து மெட்டமைத்திருக்கிறார்.

‘ஆசாத்’ பாடல்கள் மிகக் குறுகிய காலத்தில் முடிக்கப்பட வேண்டியிருந்தன. முதலில் அணுகப்பட்ட நௌஷாத், பாட்டு என்பது கடையில் எடுத்துத் தரும் பண்டமன்று என்று கருதி மறுத்துவிட்டார் என்பது திரையிசை வரலாற்றில் பலராலும் சொல்லப்படும் செய்தி. ராமச்சந்திரா ஏற்றுக்கொண்டார். நௌஷாதின் மறுப்பில் கலைஞனின் பெருமிதம் இருக்கிறது. ராமச்சந்திராவின் ஏற்பில் தொழிலாளியின் துணிவு இருக்கிறது. காலம் கடந்து நிற்பவை நிதானமாகப் பிறந்தவையே என்னும் நம்பிக்கையை ‘ஆசாத்’ பாடல்கள் சற்று அசைத்துப் பார்க்கின்றன.

அப்படத்தின் காதல் இணைப்பாடல் ஒன்றில் லதா மங்கேஷ்கரோடு ஒலிக்கும் ஆண்குரல், மெல்லிய நடுக்கத்தோடு பாடும் தலத் மஹ்மூதின் குரலோ என மயங்க வைக்கும். பாடியவர் ராமச்சந்திராவே. பாடும்போது தம் பெயரைச் ‘சித்தல்கர்’ என்று போட்டுக்கொள்வது அவர் வழக்கம். இன்னொரு நடனப் பாடலில் லதாவும் அவர் தங்கை உஷாவும் பாட, திரையில் ஆடுபவர்கள் சாயி, சுப்புலட்சுமி என்னும் தென்னக நடனமணிகள். ‘மலைக்கள்ளன்’ வழி வந்த கதை, மராட்டியரின் மெட்டு, பஞ்சாபில் பிறந்து சிம்லா நகராட்சியில் எழுத்தராக இருந்த ராஜேந்திர கிருஷணின் சொல், தென்னகத்துக் கால்கள். இதை எந்த ஊர்ப் பாட்டு என்று சொல்வது?

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. எஸ்.எஸ். வாசன் 1958இல் எடுத்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் நடனத்தைத் தமிழர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். பி. லீலாவும் ஜிக்கியும் பாடிய அப்பாடலுக்கு மெட்டமைத்தவர் இதே ராமச்சந்திரா. நடனத்தைப் பேசுவோருள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது ஐயமே.

திரை சொல்லாத பெயர்கள்

அக்கால ஒலிப்பதிவுக் கூடத்தைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைப்பார்கள். குரலைத் தனியே, வயலினைத் தனியே, தாளத்தைத் தனியே பதிந்து பின்னர் இணைத்துக்கொள்ளும் வசதி வரவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் வயலின்காரரின் வில் ஓர் இடத்தில் வழுக்கினாலும் பாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அத்தகைய பொறுப்பைச் சுமந்த கலைஞர்களின் பெயர்களுக்குப் படத்தின் பெயர்ப்பட்டியலில் பெரும்பாலும் இடமில்லை.

அவர்களுள் பலர் கோவாவைச் சேர்ந்தவர்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் இருந்ததுபோல் கோவா 1961 டிசம்பர் வரை போர்ச்சுக்கீசியரிடம் இருந்தது. அங்கே தேவாலயங்களைச் சார்ந்த பள்ளிகளில் மேலை இசைக்குறிப்பைப் படிக்கவும் எழுதவும் கற்றவர்கள், பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தனர். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் பாடிக்காட்டும் மெட்டை, பல கருவிகளுக்கும் பிரித்து எழுதித் தருவது இவர்கள் பணி. ராமச்சந்திராவின் பாடல்களில் துள்ளும் எக்காளத்துக்குப் பின்னால் ‘சிக் சாக்லெட்’ என்று அழைக்கப்பட்ட கோவாக்காரர் ஒருவர் இருந்தார்.

மஜோர்தா என்னும் கோவா ஊரில் 1927இல் பிறந்த அந்தோணி கொன்சால்வஸ் இவ்வரிசையில் சிறந்தவர். வயலின் கலைஞர், ஆசிரியர். இவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர், பின்னாளில் லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இரட்டையருள் ஒருவராகப் புகழ்பெற்ற பியாரேலால். 1977இல் வெளிவந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில் அமிதாப் பச்சன் ஒரு முட்டையிலிருந்து வெளிவந்து ஆடிப்பாடும் வேடிக்கைப் பாட்டு உண்டு. அப்பாத்திரம் தன் பெயரென்று முழங்குவது இந்த ஆசிரியரின் பெயர். நாடே சிரித்துக்கொண்டு பாடிய அப்பெயருக்கு உரியவர் ஒருவர் உண்மையில் இருந்தார் என்பதைச் சிரித்தவர்கள் அறியவில்லை. பட்டியலில் இடம் பெறாத ஆசிரியரின் பெயரை மாணவர் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

பெயர் தெரிந்த கவிஞருக்கும் இது நேர்ந்ததுண்டு. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரில் உயிர்நீத்த வீரர்களை நினைந்து கவிஞர் பிரதீப் ஒரு பாடல் எழுதினார். ராமச்சந்திரா மெட்டமைத்தார். 1963 ஜனவரி 27 அன்று தில்லி தேசிய விளையாட்டரங்கில் லதா அதைப் பாடியபோது பிரதமர் நேரு கண்கலங்கினார். இன்றளவும் குடியரசு நாளில் அது ஒலிக்கிறது. அவ்விழாவுக்குப் பிரதீப் அழைக்கப்படவில்லை.

வேலூர்ச் சிறுமி

கொழும்பு வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த எண்ணற்ற சிறுவர் சிறுமியருள் ஒருத்தி வேலூரில் இருந்தாள். 1945இல் பிறந்த அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் கலைவாணி. கடலூர் ஸ்ரீநிவாச ஐயங்கார் முதலியோரிடம் கருநாடக இசை பயின்றுகொண்டே, இந்திப் பாடல்களை வரிகளோடும் இடையிசையோடும் மனப்பாடம் செய்தாள். வளர்ந்து பாரத ஸ்டேட் வங்கியில் பணியில் சேர்ந்தார். மணமாகிப் பம்பாய் சென்றார். கணவர் ஜெயராமின் தூண்டுதலால் பாட்டியாலா மரபைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி இசையைத் தொடக்கத்திலிருந்து கற்றார். வங்கிப் பணியை விட்டுவிட்டு, வாணி ஜெயராம் ஆனார்.

1971இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய ‘குட்டி’ படத்தில் வசந்த் தேசாய் அவரைப் பாட வைத்தார். மழைக்கால இராகமான மியான் மல்ஹாரில் அமைந்த பாடல் ஒன்று அவர் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. வேலூரில் பிறந்தவரின் இந்தி உச்சரிப்பில் வடநாட்டார் பிழை காணவில்லை. வானொலியை அத்தனை உன்னிப்பாகக் கேட்ட செவி அது. பின்னர் சென்னைக்குத் திரும்பிய அவரைத் ‘தீர்க்க சுமங்கலி’ படத்தின் பாடல்வழி எம்.எஸ். விசுவநாதன் தமிழர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் கொண்டு சேர்த்தார். தேசிய விருது மும்முறை அவரைத் தேடி வந்தது. முதல் விருது ‘அபூர்வ ராகங்கள்’ படத்துக்காகக் கிடைத்தது.

2023 ஜனவரியில் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே, பிப்ரவரி 4ஆம் நாள் சென்னையில் தம் இல்லத்தில் காலமானார். ‘குட்டி’ படத்தில் பள்ளி வழிபாட்டுக் காட்சிக்காக அவர் பாடிய, மனவலிமையை வேண்டும் பாடலை வடநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் இன்றும் காலை வணக்கமாகப் பாடுகிறார்கள்.