பெரிய வண்டியும் வீட்டுப் பொறுமையும்

என் மூத்த மகனுக்கு அம்பாறையில் வேலை கிடைத்தது. சாய்ந்தமருதிலிருந்து காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை ஊடாக வயல்வெளி வீதியில் நாளாந்தம் போய்வர வேண்டும். வாப்பாவின் பழைய 100 சீசீ வண்டி அதற்குத் தாங்காதென்று, பாவித்த 150 சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான்.

வண்டி வாசலுக்கு வந்ததும் வீட்டில் பெருநாள்தான். "காக்கா, என்னையும் ஏத்துங்க" என்று இளைய மகள் ஓடி வந்தாள். நான் தடுத்தேன். "நாலு வருஷமா ஓடுறன்தானே உம்மா, இதில மட்டும் என்ன புதுசு?" என்றான் மகன்.

அவனது வாப்பா பதில் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, முற்றத்து மணலில் வண்டியைத் தள்ளித் திருப்பச் சொன்னார். பழையது சுமார் 110 கிலோ; இது சுமார் 145 கிலோ. சரியாமல் பிடிப்பதற்குள் மகனுக்கு வியர்த்துவிட்டது.

சட்டமும் இந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறது. நமது சாரதி அனுமதிப்பத்திரத்தில் 100 சீசீ வரையான வண்டிகளுக்கு ஏ1 வகுப்பு. அதற்கு மேல் ஏ வகுப்பு. மகனிடம் இரண்டும் இருந்தன. ஆனாலும் வண்டி கைக்குப் பழக நாள் எடுக்கும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடி தாமதித்தால், அதற்குள் வண்டி ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும்.

முதல் இரண்டு வாரமும் சுபஹுக்குப் பின், வீதி வெறிச்சோடியிருக்கும் நேரத்தில் பழகினான். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துவது, மணலிலும் ஈரத்திலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதிருப்பது, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைப்பது என்று ஒவ்வொன்றாகக் கைவந்தது. அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும். மாலையில் மாடுகள் குறுக்கே வரும். அதையும் பார்த்துப் பழகினான்.

அது அவன் பங்கு. வீட்டின் பங்கும் ஒன்று உண்டு. ஒரு மாதத்துக்குப் பின்னால் யாரும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தோம். "ஓடிப்போய் வாங்கிட்டு வா" என்ற சொல்லை விட்டோம். அவன் வீதியில் இருக்கும் நேரத்தில் கோல் எடுப்பதில்லை. நோன்பு காலத்தில் அவன் பையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்தேன். பாங்கு சொன்னால் இருக்கும் இடத்தில் நிறுத்தி நோன்பு திறக்கட்டும். கஞ்சிக்காகப் பறந்து வர வேண்டாம்.

மாதம் முடிந்ததும் முதலில் ஏறியவள் நான்தான். சகோதரிகளே, அபாயாவின் கரையோ சால்வையின் நுனியோ பின் சில்லில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே காற்சட்டை அணிந்து, இருபுறமும் கால்போட்டு, துணியை ஒதுக்கிச் சொருகிக்கொண்டு அமருங்கள். ஹெல்மட் வாரை நாடிக்குக் கீழே இறுக்கிப் பூட்டுங்கள். ஊசி குத்திய இடம் அதனுள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயண துஆ ஓதித்தான் பிள்ளைகளை அனுப்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்ற சமுதாயம் நாம். நம் பிள்ளைகளின் ஒட்டகம் இன்று மோட்டார் சைக்கிள். அதைக் கட்டும் கயிற்றின் ஒரு முனை வீட்டிலுள்ள நம் கையிலும் இருக்கிறது.