“சுகர் இருக்கா மேடம்?”

ஒரு பெண்ணின் முகம் சில மாதங்களில் மாறிப்போனால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, “சுகர் இருக்கா?” என்பதுதான். அடுத்தது, குரலைத் தணித்துக்கொண்டு, “வீட்ல ஏதாவது பிரச்சனையா?” எனக்கு 48 வயது நடந்தபோது இந்த இரண்டையும் கேட்காத ஆளில்லை. திருச்சியில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்காருபவள் நான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் சிரித்துச் சமாளித்துவிட்டு, டோக்கன் எண்ணை அழுத்துவதற்குள் நெஞ்சு கனத்துவிடும்.

என்னென்ன மாறியது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் விவரமாகச் சொல்வதில்லை. சிரித்தால் மேலே ஏறி நிற்கும் கன்னச் சதை வாயோரத்துக்கு இறங்கியது. காதிலிருந்து நாடிவரை ஒரே கோடாக இருந்த தாடை, நடுவில் இரு பக்கமும் தொங்கத் தொடங்கியது. மேலுதடு மெலிந்தது. கன்ன எலும்பின் மேல் இரண்டு பக்கமும் மங்கு படர்ந்தது. நாடியில் கறுத்து, தடித்து, தனியாக முளைக்கிற முடி. விரலால் தடவினால்தான் தெரியும், ஆனால் கை அங்கேயே போய்க்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் போட்ட அதே சோப்பு ஒருநாள் முகத்தில் எரிந்தது. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம். மாதவிடாய் இரண்டு மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப்போய், நின்றேபோன அதே காலத்தில் இவ்வளவும் நடந்தது.

நான் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. “இந்த வயசுல அழகு என்ன வேண்டிக்கிடக்கு?” என்று கேட்பவர்கள், முகம் என்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும் இவள் இன்னார் என்று அறிந்துகொள்வது இந்த முகத்தை வைத்துத்தான். நான் களைப்பாக இல்லாதபோது களைப்பாக இருக்கிறேன் என்றும், கோபம் இல்லாதபோது கோபமாக இருக்கிறேன் என்றும் அது ஊருக்குச் சொல்லத் தொடங்கியது. உள்ளே இருக்கிற ஆளுக்கும் வெளியே தெரிகிற ஆளுக்கும் இடைவெளி விழுந்துவிட்டது. அது துக்கம்தான்.

உறையூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு, “எனக்கும் அப்படியேதான்டி ஆச்சு. கண்ணாடி பாக்கறதையே விட்டுட்டேன். யார்கிட்ட போய் சொல்ல?” என்றாள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா?”

“உனக்கு அப்ப ரெண்டு பிள்ளைகளுக்கும் பரீட்சை. இதையெல்லாம் ஒரு விஷயம்னு எப்படிச் சொல்றது?”

அவளை நான் அந்த ஆறு வருடமும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்த்திருக்கிறேன். “ஏன்க்கா வாடிப் போயிருக்கே?” என்று நானும் கேட்டிருக்கிறேன்.

என் பக்கத்துக் கவுண்டர் தோழி வேறு வழி போனாள். அவளுக்கும் மங்கு. பார்லரில் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு சின்ன டப்பியில் வெள்ளைக் களிம்பு கொடுத்தார்கள், இரவில் தடவச் சொல்லி. சீக்கிரமே முகம் பளிச்சென்று ஆனது. கிளையில் எல்லாரும் கேட்டு வாங்க நினைத்தோம். சில மாதம் கழித்து வெயிலில் இறங்கினாலே முகம் தீயாகச் சிவந்தது. களிம்பை நிறுத்தினால் பருவும் அரிப்பும், மறுபடி தடவினால் அடங்கியது. தோல் மருத்துவர் பார்த்ததுமே ஸ்டீராய்டு என்று சொல்லிவிட்டார். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆனாலும் பெயரில்லாத டப்பிக்கு எந்தச் சட்டமும் ஒட்டுவதில்லை. மாதவிடாய் நின்ற காலத்தில் தோல் ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் இதைத் தடவச் சொல்வதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

அவளுக்கு நேர்ந்ததைப் பார்த்துத்தான் நான் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். முகத்துக்காக மகப்பேறு மருத்துவரா என்று வரவேற்பில் இருந்த பெண்ணே யோசித்தாள். டாக்டரம்மா என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். புருவத்தின் ஓரத்தை விரலால் தடவினார். “இந்த இடத்துல முடி எப்ப கொட்டுச்சு?” எனக்கு அது கொட்டியதே தெரியாது. த்ரெட்டிங்கில் போயிருக்கும் என்று இருந்திருக்கிறேன். மலச்சிக்கல் உண்டா, குளிர் தாங்குகிறதா, குரல் கரகரக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்தார்.

சர்க்கரை இல்லை. தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று வந்தது. தைராய்டைத் தூண்டிவிடுகிற டிஎஸ்எச் கூடியிருந்தது. கண்ணைச் சுற்றிய வீக்கமும், உப்பிய முகமும், பாதிப் புருவமும் அதன் வேலை. நடுத்தர வயதுப் பெண்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருகிற குறை. மாதவிடாய் நிற்கும் வயதும் அதுவே என்பதால் சோர்வு, எடை, முடி உதிர்வு, மனச் சோர்வு எல்லாமே “வயசு அப்படி” என்ற ஒரே கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, காபி அதற்கு அரை மணி நேரமாவது கழித்து. திருச்சிக்காரியான எனக்கு அந்தக் காத்திருப்பு சிரமம்தான், ஆனால் வீக்கம் மெல்ல வடிந்தது.

மற்றது வடியவில்லை. தொங்கிய தாடையும் மெலிந்த உதடும் அப்படியே இருந்தன. அப்போதுதான் டாக்டரம்மா அந்தப் பாதியை விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டுமானதல்ல. தோலிலும் அதை ஏற்கும் இடங்கள் உண்டு, முகத்தில் நிறையவே உண்டு. தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன், நீரைப் பிடித்துவைக்கிற ஹயலுரானிக் அமிலம், எண்ணெய்ப் பசை மூன்றுக்கும் அது துணை. அது வற்றியதும் மூன்றும் குறைகின்றன. 1980களில் லண்டனில் பிரின்காட் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இதை அளந்து பார்த்தார்கள். மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது என்பது இன்று பாடநூல் கணக்கு. அதன்பின் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். திடீரென்று மாறியதாக எனக்குத் தோன்றியது மனப்பிரமை இல்லை. நிஜமாகவே வேகமாகத்தான் நடக்கிறது.

நாடியில் முளைத்த முடிக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததுதான் காரணம். பெண் உடம்பிலும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் உண்டு. அது மெதுவாகத்தான் குறையும். ஈஸ்ட்ரோஜனோ சட்டென்று இறங்கிவிடும். தராசு அந்தப் பக்கம் சாய்கிறது. மஞ்சளைக் குறைத்ததால் வந்தது என்று என் அத்தை அடித்துச் சொன்னதில் உண்மையில்லை.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. மேலை நாடுகளில் 51. அவர்களைவிட நாலைந்து வருடம் முன்னால் இதற்குள் நுழைகிறோம், ஆனால் இதைப் பற்றிப் பேசத் தொடங்குவதோ மிகத் தாமதமாக. விளம்பரங்கள் காட்டுகிற மெல்லிய சுருக்கங்கள் நமக்கு அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. நம் தோலின் கருமை அவற்றை ஓரளவு தடுத்துவிடுகிறது. நமக்கு வருவது மங்கும் தொய்வும். வெளிநாட்டு முகத்துக்குச் செய்த களிம்பின் வாக்குறுதியை நம் முகத்தோடு ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

முழுப் பழியையும் ஹார்மோன் மேல் போடுவதும் சரியில்லை. 2024இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 25 முதல் 75 வயதுவரை உள்ள 108 பேரின் உடம்பிலிருந்து எடுத்த மூலக்கூறுகளைத் தொடர்ந்து கவனித்து, முதுமை ஒரே சீராக வருவதில்லை என்று எழுதினார்கள். 44 வயதையொட்டியும் 60 வயதையொட்டியும் அது வேகம் எடுக்கிறது. ஆண்களுக்கும் அப்படித்தான். ஆனால் 44 வயது ஆணைப் பார்த்து யாரும் கவுண்டரில் குரல் தணித்து எதையும் கேட்பதில்லை.

பொன்மலை ரயில்வே ஓய்வூதியர்கள் எங்கள் கிளைக்கு நிறைய. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வருவார்கள். கணவர் ஓய்வு பெற்றபோது தம்பதியாக எடுத்த படம் ஓய்வூதிய ஆணையில் ஒட்டியிருக்கும். கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி வருவார். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பது என் வேலை. ஒரு அம்மா, நான் பார்க்கத் தொடங்கியதுமே, “அது நான்தாம்மா, அப்ப நல்லா இருப்பேன்” என்று படத்தில் தன் முகத்தின் மேல் விரலை வைத்தார். விரல் லேசாக நடுங்கியது. படத்தில் நெற்றி நிறையக் குங்குமம், உருண்ட கன்னம். இப்படி மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசிய பல அம்மாக்களை முன்பே பார்த்திருக்கிறேன். ஒரு ஆண் ஓய்வூதியரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 2021இலிருந்து கைபேசியிலேயே முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி வந்துவிட்டது. ஆதார் படத்தோடு அது ஒப்பிடும். ஒரே தடவையில் ஏற்காமல் மறுபடி மறுபடி கண் சிமிட்டச் சொல்லும்போது அந்த அம்மாக்களின் முகத்தில் வருகிற கூச்சத்தை இப்போது என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. “எல்லாருக்கும் மாறும்மா, எனக்கும் மாறிடுச்சு” என்று சொல்லிவிடுகிறேன். சிலர் நின்று பேசுகிறார்கள். அவர்களில் பலருக்கு இடுப்பு எலும்போ மணிக்கட்டோ முறிந்திருக்கிறது.

டாக்டரம்மா கடைசியில் சொன்னதும் எலும்பைப் பற்றித்தான். முகத்தின் தோல் மட்டும் தளர்வதில்லை. அடியில் கண்குழி அகன்று, தாடை எலும்பும் மெல்லக் கரைகிறது. பந்தக்கால் தாழ்ந்தால் மேலே போட்ட துணி தொய்வதுபோல. அதே ஆண்டுகளில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் அதே கரைதல் நடக்கிறது. மாதவிடாய் நின்ற ஐந்து முதல் ஏழு வருடங்களில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம்வரை குறையக்கூடும். அது யார் கண்ணுக்கும் தெரியாது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். என் எலும்பு தேய்வின் முதல் படியில் இருந்தது. இன்று நடை, பளு தூக்கும் பயிற்சி, கேழ்வரகு, தயிர், வைட்டமின் டி என்று அதைப் பிடித்துவைத்திருக்கிறேன். முகத்துக்கு மட்டுமாக ஹார்மோன் மாத்திரை தர அவர் மறுத்துவிட்டார். அதிக வேர்வையும் தூக்கமின்மையும் வாட்டுகிறவர்களுக்கு அது உதவும், மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு ஆகாது, ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் தருவேன் என்றார். எனக்கு எழுதியது சோப்பில்லாத முகக்கழுவி, ஈரப்பதக் களிம்பு, காலையிலும் மதியமும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். மங்கு உள்ளவர்களுக்கு நிறமூட்டிய சன்ஸ்கிரீன் நல்லது, சாதாரண வெளிச்சமே மங்கைக் கூட்டும் என்றார். மங்கு பாதி குறைந்திருக்கிறது. தாடை பழையபடி ஆகவில்லை, ஆகாது. அந்த முகத்தோடுதான் இந்த வருட நவம்பரிலும் கவுண்டரில் உட்கார்ந்தேன்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மாதக் கணக்கில் நடக்கிற மாற்றம் வேறு. சில நிமிடங்களில் வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் அது வயதும் இல்லை, ஹார்மோனும் இல்லை. உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் ரத்தக்கட்டைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

45ஐத் தாண்டிய பெண்களே, முகம் மாறுகிறது என்று தோன்றினால் பார்லருக்கு முன்னால் ஆய்வகத்துக்குப் போங்கள். தைராய்டைப் பாருங்கள், ரத்தத்தைப் பாருங்கள், எலும்பைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தைராய்டு பரிசோதனை உண்டு. பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்கு ஒரு தங்கை இருந்தால், அவளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், அவளுடைய பிள்ளைகளுக்குப் பரீட்சை நடந்தாலும் சரி.