58 வருடங்கள் புதுச்சேரியில்... ஒடியாவை விடாத மனோஜ் தாஸ்!

சென்னையில் இருக்கும் என் நண்பர்களுக்கு வார இறுதி என்றால் ஒரே திசைதான். இ.சி.ஆர் பிடித்து நேராகப் புதுச்சேரி. மஞ்சள் சுவர் முன்னால் ஒரு போட்டோ, கடற்கரையில் ஒரு ரீல்ஸ், கூட்டமான கடையில் ஒரு காபி. நானும் பலமுறை போயிருக்கிறேன். அந்தத் தெருக்களுக்கு நடுவே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் பேசப்படும் ஒரு மொழியில் ஒரு நாவலாசிரியர் எழுதிக்கொண்டே இருந்தார் என்பது எங்கள் யாருக்குமே தெரியாது.

அவர் பெயர் மனோஜ் தாஸ். ஒடியா இலக்கியத்தின் பெரிய கதைசொல்லிகளில் ஒருவர். 1963-ல் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தவர், 2021 ஏப்ரல் 27 அன்று புதுச்சேரியிலேயே காலமானார். வயது 87.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் 'இன்றைய நாள்' என்று தினமும் ஒரு கார்டு போடுவோம். பிறந்தநாள், நினைவுநாள் எதுவானாலும் மூன்று வரிதான். அப்படி ஒரு ஏப்ரல் 27-க்காகத்தான் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கார்டு 10 நிமிடத்தில் முடிந்துவிட்டது. படிப்பு மட்டும் நிற்கவில்லை. அதற்குக் காரணம், அப்போது என் முன்னால் இருந்த ஒரு கேள்வி.

ஒரு ஆங்கில கன்டென்ட் நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "எத்தனை நாளைக்குத்தான்டி தமிழ் டெஸ்க்லயே இருப்ப?" என்றாள் தோழி. பண்ருட்டி பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் அப்பாவும், "நல்ல இடம்னா போயிடும்மா" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால், ஒரு மொழியை விட்டு இன்னொரு மொழிக்குப் போனால், நான் எழுத நினைத்ததெல்லாம் என்னோடு வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

புயல், பஞ்சம், கொள்ளை

மனோஜ் தாஸ் 1934-ல் ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டத்தில், சங்காரி என்ற கடலோர கிராமத்தில் பிறந்தவர். வசதியான குடும்பம். 1942-ல் அந்தக் கரையைப் பெரும் புயல் தாக்கியபோது அவருக்கு எட்டு வயது. பின்னாலேயே பஞ்சமும் வந்தது. பசியில் மனிதர்கள் சாவதைச் சிறுவனாகப் பார்த்தார். அவர் வீட்டையும் கொள்ளைக் கூட்டம் சூறையாடியது.

இதைப் படித்தபோது எனக்கு 'தானே' ஞாபகம் வந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை. எனக்கு 11 வயது. விடிந்து போய்ப் பார்த்தால், எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணலாம். தாத்தா நட்ட பலா மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. ஆயா அதன்மேல் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் எதுவும் பேசவில்லை.

15 வயதில் பத்திரிகை

மனோஜ் தாஸின் முதல் கவிதைத் தொகுப்பு 1949-ல் வந்தது. அப்போது அவர் பள்ளி மாணவர். அடுத்த வருடமே 'திகந்தா' என்ற இலக்கிய இதழைத் தொடங்கிவிட்டார். 'திகந்தா' என்றால் தொடுவானம். 1951-ல் பள்ளிப் படிப்பை முடித்த அதே வருடம் முதல் சிறுகதைத் தொகுப்பும் வந்துவிட்டது. மொபைலில் ஒரே தட்டில் எதையும் வெளியிடும் வசதி நமக்கு இருக்கிறது. அச்சுக் கோத்து, தாள் வாங்கி, வாசகரைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலத்தில் ஒரு 15 வயதுப் பையன் செய்த வேலை இது.

கல்லூரியில் தீவிர இடதுசாரி மாணவர் தலைவர். போராட்டங்களுக்காகச் சிறை சென்றிருக்கிறார். 1956-ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்க மாணவர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். பிறகு கட்டாக்கில் ஆங்கில விரிவுரையாளர் ஆனார். அரசியலில் கிடைக்காத விடையைத் தேடி ஆசிரமத்துக்கு வந்தவர், அங்குள்ள கல்வி மையத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார்.

பத்திரிகை ஆசை மட்டும் அவரை விடவில்லை. நம் வீடுகளில் 'அம்புலிமாமா'வாகவும் ஒடிசாவில் 'ஜன்ஹமாமு'வாகவும் வந்ததே, அதே சந்தமாமா நிறுவனம் சென்னையிலிருந்து 'தி ஹெரிடேஜ்' என்ற ஆங்கில மாத இதழை நடத்தியது. 1985 முதல் 1989 வரை அதன் ஆசிரியர் மனோஜ் தாஸ்தான்.

இரண்டு கையாலும் எழுதியவர்

என் கேள்விக்கு நெருக்கமான இடம் இதுதான். ஆங்கிலம் கற்பித்தவர், ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கியவர், வேற்று மொழி பேசும் ஊரில் குடியிருந்தவர். ஒடியாவை விட்டுவிட அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனாலும் விடவில்லை. இரண்டு மொழியிலும் எழுதினார்.

ஆங்கிலத்துக்கு அவர் போன காரணமும் சுவாரஸ்யமானது. இந்திய வாழ்க்கையைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்ட ஆங்கிலக் கதைகள் பல, அதற்கு நியாயம் செய்யவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆக, அவர் ஊரை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போகவில்லை. ஊரையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். எட்டு வயதில் பார்த்த புயல், 1987-ல் 'சைக்ளோன்ஸ்' என்ற ஆங்கில நாவலின் தலைப்பில் வந்து நின்றது. இடையில் 45 வருடங்கள்.

ஒடியாவில் அவர் எழுதிய 'அம்ருத பல' நாவலுக்கு 2000-ம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் கிடைத்தது. இதன் மூலக்கதை நமக்கும் தெரிந்ததுதான். மன்னர் பர்த்ருஹரிக்குச் சாகாவரம் தரும் ஒரு கனி கிடைக்கிறது. அதைத் தன் அன்பு ராணிக்குத் தருகிறார். ராணி தன் காதலனுக்கும், அவன் ஒரு கணிகைக்கும் தர, அவளோ 'இதற்குத் தகுதியானவர் மன்னர்தான்' என்று அவரிடமே கொண்டுவந்து நீட்டுகிறாள். மன்னர் அரியணையைத் துறந்து கிளம்பிவிடுகிறார். பட்டினத்தாரின் சீடரான பத்திரகிரியாரையும் உஜ்ஜயினி அரசர் என்றுதானே நம் பெரியவர்கள் சொல்வார்கள்? அந்தப் பழங்கதையை, இன்றைய மனிதன் ஒருவனின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் மனோஜ் தாஸ்.

எனக்கு மிகவும் பிடித்தது, அணைக்காக நீரில் மூழ்கிப்போன ஒரு கிராமத்தைப் பற்றிய சிறுகதை. தண்ணீர் வடிந்து ஊர் மறுபடி தலைகாட்டும்போது, பழைய ஜனங்கள் அதைப் பார்க்க ஓடி வருகிறார்கள். கதையை ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஆனால், ஆட்கள் மட்டும் என் காதில் பண்ருட்டித் தமிழில்தான் பேசினார்கள்.

சாகித்ய அகாடமி விருது 1972-ல், பத்மஸ்ரீ 2001-ல், பத்மபூஷண் 2020-ல் என்று விருதுகள் அவருக்கு வரிசையாக வந்தன. தமிழ் வாசகர்களான நாம்தான், இவ்வளவு பக்கத்தில் இருந்தவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

நான் என்ன செய்தேன்?

அந்த நிறுவனத்துக்கு 'இப்போது வேண்டாம்' என்று பதில் அனுப்பினேன். ஆங்கிலத்தின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நாளைக்கே நானும் அதில் எழுதலாம். ஆனால் கையில் ஊரே இல்லாமல் போனால், அங்கே எதை எழுதுவேன்? முதலில் ஊரைத் தமிழில் எழுதி முடிக்க வேண்டும். இழந்த சம்பளத்துக்காக ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி கொஞ்சம் வருத்தம் வரத்தான் செய்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயாவுக்கு போன் போட்டு, தானே புயல் அடித்த ராத்திரியைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். 17 பக்கம் ஆகியிருக்கிறது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன வாரம் முதல் இரண்டு பக்கங்களைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவர், "பலா மரம் மேற்கால சாயல, வடக்கால சாஞ்சுது. அத மாத்து" என்றார்.

மாற்றிவிட்டேன்.