மேல்காற்றும் கீழ்க்காற்றும்

"மேற்குத் திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாகத் தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை." இந்தச் செய்தி வராத கோடை கிடையாது. தேவதானப்பட்டியில் வாழை போட்டிருக்கும் நான் மழை என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொள்வேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த பிறகுதான் அந்த மாறுபாட்டைத் தேடிப் படித்தேன். வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், வலுக்குறைந்தபடியே எங்கள் மலைகளைத் தாண்டிக் கேரளாவுக்குப் போனது. குலை தள்ளிய வாழைக்கு வலுக்குறைந்த காற்றே போதும்.

இப்படிப்பட்ட மாறுபாட்டை ஆங்கிலத்தில் விண்ட் ஷியர் என்கிறார்கள். அதாவது, அடுத்தடுத்த இடங்களிலோ உயரங்களிலோ காற்றின் வேகமும் திசையும் வேறுபடுவது. புயலுக்கு முக்கியம் உயரத்துக்கு உயரம் வரும் வேறுபாடு. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்றையும் 12 கிலோமீட்டர் உயரத்துக் காற்றையும் ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள்.

ஆடியில் எங்கள் தோப்பில் அண்ணாந்து பார்த்தாலே இது தெரியும். தாழ்ந்த மேகம் கிழக்கே ஓடும். அது விலகும் இடைவெளியில், வெகு உயரத்து வெண்கீற்றுகள் மேற்கே நகரும். அந்த மேல்காற்றை 1958இல் விளக்கி எழுதியவர் நம் நாட்டு விஞ்ஞானி பி. கோட்டேஸ்வரம். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று அது. மேலும் கீழும் இப்படி எதிரெதிராக இழுத்தால் கடலிலிருந்து எழும் வெப்பக் காற்று நேராக நிற்காமல் சாய்கிறது. வெப்பம் நடுவில் சேராது, வறண்ட காற்று உள்ளே புகுந்துவிடும். ஆடியில் நமக்குப் பெரும்புயல் வராததற்கு இதுதான் பெரிய காரணம். ஐப்பசி, கார்த்திகையில் வேறுபாடு குறைகிறது, புயல் தலைதூக்குகிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். புயல்சின்னம் என்றதும், மேல்காற்று அதை முறிக்கட்டும் என்றுதான் வேண்டுவேன். 57 அடி மஞ்சளாறு அணையை நம்பி நெல் போடும் பங்காளிகளோ அது வலுக்கட்டும் என்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைப் போக்கியது புரெவி புயல். 2020 டிசம்பரில் அது ராமநாதபுரம் அருகே வலுவிழந்து நின்றது. தொலைவில் கடலூர் மாவட்டம் வெள்ளக்காடானது. புயல் நொடிந்தாலும் மழை குறைய வேண்டும் என்பதில்லை.

வானிலை மையத்தின் புயல் அறிக்கையில் இந்த வேறுபாடு நாட் (knot) என்ற வேக அலகில் இருக்கும். பத்துக்குக் கீழே என்றால் புயலுக்குத் தோது, இருபதைத் தாண்டினால் திணறும். வாழைக்காரர்கள் அந்த எண்ணையும் பாருங்கள். இருபதைத் தாண்டிவிட்டது என்பதற்காக முட்டுக் கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.