மணல்தொட்டியில் எழுதிப் பழகியவர்கள்

ஜூலை 6, 2025, ஞாயிறு

பழைய போவன்பள்ளியில் எங்கள் அடுக்ககத்து மாடி அறை இன்று மாணவர்களால் நிறைந்தது. பாதிப் பேர் வேலூர், திருத்தணிப் பக்கமிருந்து இங்கே படிக்க வந்தவர்கள். மீதிப் பேர் தலைமுறைகளாகச் செகந்திராபாத்திலேயே வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பழக்கித் தர முடியுமா என்று அவர்களுடைய விரிவுரையாளர் கேட்டிருந்தார். மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன்.

எல்லோரும் ஒரே வைஃபையில் கணக்குத் தொடங்க முயன்றதும் இடித்தது. ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதுக் கணக்குகள்தான் தொடங்கலாம். விஷமிகளைத் தடுக்க வைத்த வரம்பு அது. ஏழாவதாக முயன்ற பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "என்னைய மட்டும் வேணாங்குதா அக்கா?" என்றாள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறச் சொன்னதும் சரியாகிவிட்டது. பயிலரங்கு நடத்துகிற எவரும் முந்தின நாளே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரச் சொல்லிவிடுவது நல்லது. புது ஆளை வாசலிலேயே ஓர் எச்சரிக்கைச் செய்தி எதிர்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

மடிக்கணினி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் கைப்பேசியில், ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கித்தான் எழுதினார்கள். எழுதிப் பழகும் பக்கமான மணல்தொட்டியைக் காட்டி, "இங்கே என்ன கிறுக்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றேன். அதற்குப் பிறகுதான் அறையில் பேச்சும் சிரிப்பும் வந்தன.

ஜூலை 9, புதன்

விரிவுரையாளர் தொலைபேசியில் அழைத்தார். ஆளுக்குப் பத்துக் கட்டுரை என்று வைத்து, அதற்கு உள்மதிப்பெண் தரலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்குப் புனேக் கதையைச் சொன்னேன்.

2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை புனேக் கல்லூரிகளில் ஒரு கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பொறியியலும் பொருளியலும் படித்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே பருவத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குள் வந்தார்கள். எழுதினால் மதிப்பெண். பலர் பாடநூலிலிருந்தும் வலைத்தளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டினார்கள். வழிகாட்ட நியமிக்கப்பட்டவர்களில் பலரும் விக்கிக்குப் புதியவர்களே. உலகின் வேறு வேறு மூலைகளிலிருந்த தன்னார்வலர்கள் பதிப்புரிமை மீறல்களைத் தேடி நீக்குவதில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நவம்பரிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது.

அந்த மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்ணிக்கையைக் கேட்டார்கள், எண்ணிக்கையைக் கொடுத்தார்கள். ஒட்டுவது தவறு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் போதவில்லை. தமிழிலும் இதே பாடம் வேறு வடிவில் வந்திருக்கிறது. 2009 முதல் 2011 வரை கூகுள் கூலி கொடுத்து மொழிபெயர்த்துச் சேர்த்த கட்டுரைகள் நீளமாக இருந்தன, ஆனால் படிக்க முடியவில்லை. அவற்றைத் திருத்துவதே தமிழ் விக்கிப்பீடியர்களுக்குப் பெரும் சுமையாயிற்று. பின்னால், 2017 மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா 1,00,000 கட்டுரைகளைத் தாண்டியபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு கல்லூரிப் பிள்ளையிடம் கேட்க வேண்டியது எண்ணிக்கை அல்ல.

விரிவுரையாளர் யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று லஷ்கர் போனாலு, செகந்திராபாத்தின் அம்மன் திருவிழா. உஜ்ஜயினி மகாகாளி கோயில் பக்கம் போகவே முடியாது, வகுப்பு இல்லை. இந்த ஊர்ப் பெண் ஒருத்தி மட்டும் தலையில் போனம் என்ற படையல் பானையைச் சுமந்து போகிறவர்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கூகுளில் கிடைத்த படத்தைப் போட முடியாது, ஆனால் இது நீ எடுத்தது, உன் பெயரிலேயே படங்களுக்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம் என்று எழுதினேன். இரவுக்குள் ஏற்றிவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

போவன்பள்ளியைப் பற்றியே எழுதலாம் என்று தீர்மானித்திருந்தோம். வேலூர்ப் பையன் காய்கறிச் சந்தையை எடுத்துக்கொண்டான். அவன் முதல் வரைவு "உலகப் புகழ் பெற்ற போவன்பள்ளிச் சந்தை" என்று தொடங்கியது. யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அழித்தான்.

அடுத்து வந்தது நல்ல விஷயம். சந்தையில் அழுகிப்போகும் காய்கறிகளை அரைத்துக் கூழாக்கி, காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்களை விட்டுச் செரிக்க வைத்து, அதில் வரும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். தார்னாக்காவில் உள்ள இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொழில்நுட்பம். 2021 ஜனவரி 31 அன்று பிரதமர் தம் மனதின் குரல் வானொலி உரையில் இந்தச் சந்தையைக் குறிப்பிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 டன் கழிவு, அதிலிருந்து 500 யூனிட் மின்சாரம், 30 கிலோ உயிரி எரிபொருள் என்பது அவர் சொன்ன கணக்கு.

பையன் "தினமும் 500 யூனிட் மின்சாரம் உற்பத்தியாகிறது" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வாக்கியத்தோடு நெடுநேரம் உட்கார்ந்தோம். உற்பத்தியாகிறது என்றால் இன்றைக்கும் ஆகிறதா? சொன்னது யார், எப்போது? கடைசியில் வாக்கியம் இப்படி நின்றது: "நாளொன்றுக்குச் சுமார் 500 யூனிட் மின்சாரம் இங்கே உற்பத்தியாவதாக 2021 ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் குறிப்பிட்டார்." முன்பு இருந்ததைவிட நீளம்தான். ஆனால் ஐந்தாண்டு கழித்துப் படிப்பவனையும் அது ஏமாற்றாது.

பிறகு அவன் தான் நேரில் போய்ப் பார்த்ததைச் சேர்க்க வேண்டும் என்றான். விடியற்காலை சந்தைக்குப் போய், கழிவைத் தரம் பிரிக்கிறவர்களிடம் பேசியிருக்கிறான். எந்தக் காய் சீக்கிரம் செரிக்கும், எதை முதலில் ஒதுக்குவார்கள் என்றெல்லாம் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அருமையான செய்திகள். எதையும் சேர்க்க முடியாது, அச்சில் வந்த ஆதாரம் இல்லை.

"நானே கண்ணால பாத்தேன் அக்கா. காதால கேட்டேன். பேப்பர்ல வந்தாத்தான் உண்மையா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் லேசான பதில் கிடையாது. விதி நியாயமானது என்பதை ஏற்கிறேன். யார் எழுதினார் என்றே தெரியாத கலைக்களஞ்சியத்தை வாசகர் நம்ப வேண்டுமானால், அவரே சென்று சரிபார்க்க ஒரு வழி இருக்க வேண்டும். "நான் பார்த்தேன்" என்பதைச் சரிபார்க்க முடியாது. ஆனால் அச்சில் ஏறிய அறிவு ஆங்கிலத்துக்கு மலைபோல் இருக்கிறது, நம் மொழிகளில் சந்தைத் தொழிலாளியின் அறிவு பெரும்பாலும் வாயோடு போகிறது. 2011இல் அச்சல் பிரபலா என்பவர் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு, மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில் வாய்மொழிப் பதிவுகளையே மேற்கோளாக்கிப் பார்த்தார். துணிச்சலான முயற்சி, விக்கியின் பொதுவழக்கமாக அது ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பையனிடம் இரண்டு வழி சொன்னேன். நீ எடுத்த படங்களைப் பொதுவகத்தில் ஏற்று. படத்துக்கு ஆதாரம் அந்தப் படமே. தொழிலாளர்கள் சொன்னதை ஒரு கட்டுரையாக எழுதி ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பு. வெளிவந்தால் அதையே வேறொருவர் மேற்கோள் காட்டலாம். அரை மனதாகத்தான் தலையாட்டினான்.

ஜூலை 27, ஞாயிறு

செகந்திராபாத் பெண் எடுத்துக்கொண்ட தலைப்பு மகபூப் கல்லூரி. 1862இல் அதைத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. அது இருக்கும் பட்னி வழியாகத் தினமும் போகிறவள்! 1893 பிப்ரவரியில், சிகாகோவுக்குக் கப்பலேறும் முன் விவேகானந்தர் உரையாற்றியதும் அங்கேதான். தன் முன்னோர்களைப் போன்ற ஒருவர் இந்த ஊரில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார் என்றதும் அவள் எழுத்தில் வேகம் வந்துவிட்டது.

வேகத்தில் ஒரு வலைத்தளத்துப் பத்தியை அப்படியே மொழிபெயர்த்துச் சேர்த்துவிட்டாள். அரைமணிக்குள் ரோந்து பார்க்கும் பயனர் ஒருவர் மொத்தத்தையும் மீளமைத்துவிட்டார். அவர் செய்தது சரி. ஆனால் காரணமாக ஒரு வரிகூட எழுதவில்லை. "யாரோ என்னோடதை அழிச்சிட்டாங்க. இனிமே எழுதல" என்று எனக்குச் செய்தி வந்தது.

இந்த இடத்தில்தான் நாம் ஆட்களை இழக்கிறோம். 2007க்குப் பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவில் பங்களிப்பாளர் எண்ணிக்கை ஏன் சரிந்தது என்று ஆரன் ஹாஃபேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகள் நிராகரிக்கப்பட்டதும், நிராகரிப்பைத் தானியங்கிக் கருவிகள் எளிதாக்கியதும் முக்கியக் காரணங்களாக அதில் இருந்தன. ஆங்கிலத்துக்கு ஆயிரம் பேர் போனாலும் தாங்கும். தமிழுக்கு அப்படி இல்லை. இங்கே ஒவ்வொரு முகமும் கணக்கில் உண்டு.

அந்தப் பெண்ணை அழைத்து வரலாற்றுப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அவள் எழுதியது எதுவும் தொலையவில்லை, பழைய பதிப்பில் அப்படியே இருக்கிறது என்று காட்டினேன். மொழிபெயர்த்தாலும் அது பிறருடைய எழுத்துதான், தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு உன் நடையில் சொல் என்றேன். பிறகு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அவளையே எழுத வைத்தேன்: "வணக்கம் ஐயா, நான் புதுப்பயனர். என்ன திருத்த வேண்டும் என்று சொன்னால் செய்கிறேன்." இரவே பதில் வந்தது. அன்பான, நீண்ட பதில். இரண்டு நூல்களின் பெயரும் கொடுத்திருந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒருவன் கொண்டுவந்த வரைவு மிக வழவழப்பாக இருந்தது. கீழே வரிசையாக மேற்கோள்கள், நூல் எண்ணோடு. அவற்றில் ஒரு நூலையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணைத் தட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கியதாக அவனே சொன்னான்.

அவனைத் திட்டவில்லை. அந்த இல்லாத நூல்களை ஒவ்வொன்றாக எல்லோரையும் சேர்ந்து தேட வைத்தேன். ஒரு பெண் நகர மைய நூலகத்தின் பட்டியலையே எடுத்துவிட்டாள். ஆதாரம் என்றால் கையில் எடுத்துப் பக்கத்தைப் புரட்டக்கூடியது என்பது இன்று அவர்களுக்குப் பிடிபட்டது. நான் எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் இந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆங்கில விக்கிப்பீடியாவில், மனிதக் கண் பார்க்காமல் செயற்கை நுண்ணறிவு எழுதியதை அப்படியே போட்ட பக்கங்களை விரைந்து நீக்க இப்போது விதியே வந்துவிட்டது. தமிழிலும் இதைப் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் பேசியாக வேண்டும். நாளை எழுதுகிறேன்.

விரிவுரையாளர் மீண்டும் அழைத்தார். மதிப்பெண் முறையை மாற்றிவிட்டாராம். ஒருவருக்கு ஒரு பத்தி போதும். அதில் மாணவர் தாமே படித்த இரண்டு ஆதாரங்கள் இருக்க வேண்டும். உரையாடல் பக்கத்தில் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லியிருக்க வேண்டும். மீளமைக்கப்பட்டால் மதிப்பெண் குறையாது, அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைப் பார்ப்பார். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அடுத்த பருவத்தில் தெலுங்கு மாணவர்களும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வரட்டும், ஆனால் தெலுங்கு விக்கிப்பீடியாவில் பல வருடம் எழுதிய ஒருவர் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், என் தெலுங்கு சந்தைக்கும் ஆட்டோவுக்கும்தான் போதும் என்றேன். அங்கே அதேபோன்ற விவாதப் பக்கமான ரச்சபண்டவில் உதவி கேட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். செகந்திராபாத் பெண் அதைத் தெலுங்கில் திருத்திக் கொடுத்தாள்.